விளம்பர வரிக்கு ஒரு பதவுரை

அமெரிக்க நாட்டிலே பழைய மோட்டார்க் கார்களை விற்போரும் வாங்குவோரும் நெடுங்காலமாக நாடிவரும் வெளியீடு ஒன்றுண்டு. ‘ஹெமிங்ஸ் மோட்டர் நியூஸ்’ என்பது அதன் பெயர். 1954 ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரிலே ஏர்னஸ்ட் ஹெமிங்ஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். பின்னர் அது வெர்மொன்ட் மாநிலத்துப் பெனிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. வரி விளம்பரங்களாலேயே வளர்ந்த வெளியீடு அது. கூலி கொடுத்து அச்சிடப்படுவனவாதலின் வரி விளம்பரங்களுக்குச் சூத்திர யாப்புத் தானாகவே வாய்த்துவிடுகிறது. வேண்டாத சொல் ஒன்றும் அவற்றில் இராது. வேண்டிய சொற்கள் சிலவும் இரா.

அவற்றுள் ஒருவகை வரி, சொற்கள் சிறிது முன்பின்னாக மாறினும், திரும்பத் திரும்பக் கண்ணிற் படுவது. பல விளம்பரங்களைக் கூட்டி அதன் பொது வடிவை அமைத்தால் இவ்வாறு வரும்: “1966 பொன்டியாக் ஜீ.ரீ.ஓ.; கூரை மடங்குவது; 389; மூன்று காபரேற்றர்; நான்கு கியர்; சட்டகத்திலிருந்து கழற்றிப் புதுக்கியது; இலக்கங்கள் பொருந்தும்; பத்திரங்கள் உண்டு.” இவ்வொரு வரியை நம்பி, கண்ணாற் காணாத வண்டிக்குப் பல பத்தாயிரம் டொலரை அனுப்பிவைப்பாரும் உளர். வரியிலுள்ள ஒரு சொல் பொய்யாயின் அப்பணத்திற் பெரும்பகுதி நீரிற் கரைந்த உப்பாகும். பழஞ்செய்யுளுக்குப் பதவுரை சொல்லிப் பழகிய கண்கொண்டு இவ்வரியையும் படித்தாலென்ன என்னும் எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை. மோட்டார்க் காரைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன பேச்சு என்று கேட்பார் கேட்கட்டும். மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்னும் ஆராய்ச்சி ஏட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் போகப் போகக் காண்பர்.

முதலிற் ‘பொன்டியாக்’. ஜெனரல் மோட்டர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் கிளைகளுள் ஒன்று அது. 2010 இல் மூடப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அக்கிளையின் தலைமைப் பொறியியலாளராயிருந்தவர் ஜோன் டிலோரியன். அக்காலத்திலே தலைமையகம் ஒரு கட்டளை விதித்திருந்தது: நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பொருத்தலாகாது என்பது. டிலோரியனும் அவர்தம் துணைவரான பில் கொலின்ஸ், றஸ் ஜீ என்பாரும் பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் என்னும் நடுத்தரக் காருக்கு வைத்துப் பார்த்தனர். அளவு கச்சிதமாகப் பொருந்திற்று. கட்டளையை என் செய்வது? புதிய கார் வகை ஒன்றை வெளியிடுவதற்கே மேலிடத்து அனுமதி வேண்டும். ஏற்கெனவே உள்ள காருக்கு, வாங்குவோர் விரும்பினாற் சேர்த்துக்கொள்ளும் உபகரணத் தொகுதி ஒன்றுக்கு அவ்வனுமதி வேண்டியதில்லை. ஆகவே ‘லெமான்ஸ்’ என்னும் டெம்பெஸ்ட் வகைக்கு ஏறத்தாழ 296 டொலர் மேலதிகமாகக் கொடுத்தாற் கிடைக்கும் தொகுதியாக 1964 ஆம் ஆண்டு வகையில் ஜீ.ரீ.ஓ. பிறந்தது. விதியை மீறாமலே விதிக்குப் புறம்பாக நடக்கும் வழியை இலக்கண ஆசிரியர் புறனடை என்பர். பொன்டியாக் பொறியியலாளர் கண்டது அத்தகையதொரு புறனடை. அவ்வாண்டில் 32,450 விற்றன. அவற்றுட் கூரை மடங்குவன 6,644.

‘ஜீ.ரீ.ஓ.’ என்பன இத்தாலியத் தொடரொன்றின் முதலெழுத்துக்கள். பெராரி நிறுவனத்தின் புகழ்பெற்ற பந்தயக் காருக்குரிய அப்பெயரை டிலோரியன் எடுத்துத் தம் காருக்குச் சூட்டிக்கொண்டார். ‘கார் அன்ட் டிறைவர்’ என்னும் சஞ்சிகை 1964 மார்ச் இதழில் இரு பெயரர்களையும் ஒப்புநோக்கி எழுதிப் பொன்டியாக்கின் வேகத்தை வியந்தது. நாடெங்கும் இக்காரின் பெயர் பரவியதற்கு அவ்விதழ் பெருங்காரணம். சோதனைக்கு வண்டி கொடுத்தவர் ஜிம் வாங்கர்ஸ் என்னும் விளம்பர நிபுணர். அவ்வண்டியின் உள்ளே இருந்தது 389 அன்று, 421 கன அங்குல எஞ்சின் என்பதைப் பல்லாண்டுகள் கழிந்தபின் அவரே வெளியிட்டார்! இன்று ஜீ.ரீ.ஓ. எஞ்சினின் இலக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போர், அக்காரின் புகழுக்கு வித்திட்ட வண்டியே இலக்கம் பொருந்தாத வண்டி என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

நடுத்தர உடல், அதற்கு மிஞ்சிய எஞ்சின், இளைஞர் தவணை கட்டி வாங்கத்தக்க விலை ஆகிய மூன்றும் கூடிய கார்களை அமெரிக்கர் ‘மசில் கார்’ என்பர். தசைக் கார் என்று மொழிபெயர்த்தால் இறைச்சிக் கடை நினைவு வரும். ‘மல்லன் கார்’ என்றால் ஒருவாறு பொருந்தும். இம்மல்லர்களின் காலம் நெடிதன்று. காப்புறுதிக் கட்டணம் இளைஞரால் தாங்கொணாதவாறு ஏறிற்று. 1970 ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. 1971 இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1974 ஆம் ஆண்டு வகையோடு ஜீ.ரீ.ஓ. வரிசை நின்றது. பத்தாண்டு வாழ்வு.

இனி ‘1966’. வெறும் ஆண்டெண் என்று இதனைக் கடந்து செல்பவர் வரியின் பாதிப் பொருளை இழப்பர். 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜீ.ரீ.ஓ. ஓர் உபகரணத் தொகுதியே என்றோம். அக்காரணத்தால் 1965 இல் வண்டியின் அடையாள எண் ‘237’ என்று தொடங்கும். அது லெமான்ஸ் காருக்குரிய எண். தொகுதி சேர்ந்த வண்டிக்கும் சேராத வண்டிக்கும் எண் ஒன்றே. தகட்டைப் பார்த்து இது ஜீ.ரீ.ஓ. என்று எவராலும் சொல்ல இயலாது. 1966 இல் ஜீ.ரீ.ஓ. தனி வகையாக உயர்த்தப்பட்டது. எண்ணும் ‘242’ ஆயிற்று. ‘2’ பொன்டியாக், ‘42’ ஜீ.ரீ.ஓ.; அதனை அடுத்து வரும் ‘67’ கூரை மடங்கும் உடல்; பின்வரும் ‘6’ ஆண்டு; அதன்பின் வரும் எழுத்துத் தொழிற்சாலை. எழுத்து, அசை, சீர் என்று பிரித்து ஓதுவது போல இவ்வெண்ணைப் பிரித்து ஓதலாம். ஆகவே 1966 என்ற சொல்லுக்கு, ‘இக்கார் தன் பெயரைத் தன் உடலிலேயே தாங்கியிருக்கிறது’ என்பது உட்பொருள். 1964 ஆம் ஆண்டு வண்டி வாங்குவார்க்கு இவ்வசதி இல்லை. 1972 இல் ஜீ.ரீ.ஓ. மறுபடியும் உபகரணத் தொகுதியாக இறக்கப்பட்டமையால் அவ்வாண்டு வண்டிகளுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

‘கூரை மடங்குவது’. 1966 ஆம் ஆண்டு வகையில் விற்ற 96,946 ஜீ.ரீ.ஓ.க்களுட் கூரை மடங்குவன 12,798. விலை கூடியதற்கு இவ்வருமை ஒரு காரணம். வேறொரு காரணம் பின்னாள் வரலாற்றிலிருந்து வந்தது. பாதுகாப்பு விதிகள் கூரை மடங்கும் கார்களைத் தடைசெய்துவிடும் என்ற அச்சம் 1970களில் அமெரிக்காவிற் பரவிற்று. 1976 ஆம் ஆண்டுக் கடிலாக் எல்டொறாடோவே இவ்வகையில் இறுதி அமெரிக்கக் கார் என்று விளம்பரம் செய்தனர். அதனை நம்பி வாங்கிப் பூட்டி வைத்தாரும் உளர். தடை வரவில்லை, 1982 இல் கிறைஸ்லர் நிறுவனம் கூரை மடங்கும் காரை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பூட்டி வைத்தவர் பாடு என்னாயிற்று என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்க.

கூரையை நீக்கினால் உடலின் விறைப்புக் குறையும். கூரை ஒரு காருக்கு வெயில் மறைக்கும் குடை மட்டுமன்று. முன்பின் பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் விட்டமும் அதுவே. அக்குறையை நிரப்ப, இவ்வகைக் காருக்கு அடியிலுள்ள சட்டகத்தை வேறுவிதமாகச் செய்தனர். நிலைத்த கூரையுள்ள வண்டியிற் சட்டகத்தின் பக்க விட்டங்கள் பொதுவாக ஒருபுறம் திறந்த தகரப் பீலி போலிருக்கும். கூரை மடங்குவதில் அவை நாற்புறமும் மூடிய பெட்டி போலிருக்கும். சாதாரண வண்டியின் கூரையை அறுத்து நீக்கி விலை கூட்டி விற்க நினைப்பவன் மேலே என்ன துணி போர்த்தினாலும், அடியிற் குனிந்து பார்ப்பவன் கண்ணுக்கு அந்தத் திறந்த பீலி உண்மையைச் சொல்லிவிடும்.

துணிக்கூரைக்கு இன்னொரு சாபமும் உண்டு. தையல் வழியாகவும் கண்ணாடி விளிம்பு வழியாகவும் மழைநீர் கசியும். கால்விரிப்பு அதனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரிப்பின் கீழே தரைத்தகடு ஓசையின்றிக் கறள் பிடிக்கும். வட மாநிலங்களிற் குளிர்காலத்தில் உறைபனியைக் கரைக்கத் தெருவில் உப்பைத் தூவுவர். மேலிருந்து மழையும் கீழிருந்து உப்பும் தின்ற வண்டியில் எஞ்சுவது சொற்பம். அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்திற் கிடந்த வண்டிக்கு விலை கூடுவது இதனாலேயே. அங்கே வெயில் ஆசனத்தையும் வர்ணத்தையும் தின்னும், இரும்பை விட்டுவிடும்.

‘389, மூன்று காபரேற்றர்’ என்பவற்றை விரைவாகக் கடக்கலாம். எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து 389 கன அங்குலம். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் மூன்று வரிசையாக மேலிருக்கும். சாவதானமாக ஓட்டும்போது நடுவிலுள்ளது ஒன்றே வேலை செய்யும், மிதியை அழுத்தினால் ஏனைய இரண்டும் வாய் திறக்கும். நிறுவனம் அறிவித்த வலு 360 பரிவலு. 1966 க்குப் பின் பொன்டியாக்கில் இவ்வமைப்பை நிறுத்திவிட்டனர். ஆதலால் இம்மூன்றுக்கும் தனி மதிப்பு. ‘நான்கு கியர்’ என்பதற்கு உரை வேண்டா.

இனி வரியின் உயிர்நிலையாகிய சொல்லுக்கு வருவோம். ‘புதுக்கியது’ என்கிறான் விற்பவன். நம் மொழியிலே செப்பனிடுதல் என்றொரு சொல் உண்டு. பழுதான இடத்தை மட்டும் சரிப்படுத்துதல் அதன் பொருள். புதுக்குதல் என்றொன்று உண்டு. பழையதைப் புதியதாகச் செய்தல். மீட்டல் என்று வேறொன்று உண்டு. இழந்த நிலையைத் திருப்பிக் கொணர்தல். கோயிலுக்குத் திருப்பணி என்போம். இந்நான்குக்கும் அமெரிக்கச் சந்தையிற் சொல் ஒன்றே. தகரம் அடித்துப் பட்டி பூசி வர்ணம் தெளித்தவனும் அச்சொல்லையே எழுதுகிறான்; மூன்றாண்டு உழைத்து ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டியவனும் அச்சொல்லையே எழுதுகிறான். இவ்விருவரையும் வேறுபடுத்தவே ‘சட்டகத்திலிருந்து கழற்றி’ என்னும் அடைமொழி எழுந்தது. உடலைச் சட்டகத்திலிருந்து முழுவதும் தூக்கி வேறாக்கிச் செய்த வேலை என்பது அதன் கருத்து.

அவ்வேலை முறையாக நடந்தால் எவ்வாறு நடக்கும்? உடலை இரு முனைகளிலும் பற்றிச் சுழற்றக்கூடிய தாங்கியில் ஏற்றுவர்; அடிப்புறம் மேலே வருமாறு திருப்பி வேலை செய்வதற்காக. பிறகு பழைய வர்ணத்தையும் கறளையும் நீக்க வேண்டும். மணலை உயர் அமுக்கத்தில் வீசினால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். ஆகவே விடயமறிந்தோர் பிளாஸ்டிக் துகள், சோடாத் தூள் முதலிய மென்மையானவற்றையே பரந்த தகடுகளுக்குப் பயன்படுத்துவர். (தமிழகத்திற் சில கோயில்களில் மணலை வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்யப் புகுந்து கல்வெட்டெழுத்தையும் தேய்த்த கதையை அறிந்தார்க்கு இவ்வெச்சரிக்கையின் அருமை விளங்கும்.) வர்ணம் நீங்கியதும் உண்மை வெளிப்படும். நல்ல தகடு எது, முன்னொருவன் பட்டி பூசி மறைத்த ஓட்டை எது என்று அப்பொழுதே தெரியும். கறள் தின்ற பகுதியை அறுத்தெறிந்து புதுத் தகட்டை ஒட்டுவர். இன்று இக்கார்களுக்கு வேண்டிய தரைத்தகடு, பின்பக்கத் தகடு, மட்காட், பொனற், விளக்கு, இலச்சினை முதலிய பலவும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. எஞ்சினிற் சிலிண்டரைச் சிறிது அகலக் கடைந்து அதற்கேற்ற பிஸ்டன் இடுவர். ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்த எஞ்சின் அது. அமெரிக்கத் தெருக்களில் அப்பெற்றோல் 1996 முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டமையால், வால்வுகள் அமரும் இடத்தில் வன்மையான வளையங்கள் பதிப்பதும் உண்டு. பம்பர்களைச் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாமிடுவர்.

எல்லாம் முடிந்து வெளிவரும் வண்டியில் 1966 ஆம் ஆண்டு இரும்பு எவ்வளவு? ஓட்டை விழுந்த ஏட்டை வைத்துப் பதிப்பிப்பவன் நிலையே இங்கும். பொறுப்புள்ள பதிப்பாசிரியன் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விடுவான். ஊகித்து நிரப்பினால் இஃது என் ஊகம் என்று அடிக்குறிப்பு எழுதுவான். பொறுப்பற்றவன் தானே ஒரு சொல்லை இட்டு நிரப்பி வாய் மூடிக்கொள்வான். அவன் பதிப்பே படிக்க வழவழப்பாயிருக்கும். கார் புதுக்குவோரிலும் இரு சாராரும் உளர். அடிக்குறிப்பு எழுதுவோர் தொகை சிறிது.

மிகையாகப் புதுக்குதல் என்ற குற்றமொன்றும் உண்டு. 1966 இல் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த கார் கண்ணாடி போல் மின்னவில்லை. அக்ரிலிக் லக்கர் என்னும் வர்ணம் பூசினர். அங்கங்கே தோடம்பழத் தோல் போற் சொரசொரப்பிருக்கும். கதவின் இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாயிருக்கும். மறைவான இடங்களில் வர்ணம் ஒழுகியிருக்கும். மணிக்கணக்கில் எண்ணிக் கார் செய்த தொழிலாளி எவனும் இவ்வண்டி அறுபது ஆண்டு கழித்தும் ஆராயப்படும் என்று நினைத்திலன். இன்றைய வேலையாளர் வர்ணத்தின் மேல் தெளிந்த மேற்பூச்சொன்றும் பூசி, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து, இடைவெளிகளை மயிரிழை பிசகாமற் சமப்படுத்தி, பிறந்த நாளில் இல்லாத அழகை அதற்குத் தந்துவிடுகின்றனர். சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளில் இதற்குப் புள்ளி குறைக்கும் நடுவர்களும் உளர். அதனால் எதிர்ப்புறமாக ஒரு கலை வளர்ந்தது: பரிசோதகன் சட்டகத்தில் அன்று கிறுக்கிய மெழுகுக்கோல் அடையாளத்தைப் படம் பார்த்து அவ்வாறே கிறுக்குதல், வர்ணம் ஒழுகிய இடத்தில் ஒழுகவிடுதல். பிழையையும் பிழையாமற் பெயர்த்தெழுதும் ஏடெழுதுவோர் பரம்பரை டெற்றோயிற்றிலும் உண்டு போலும்!

‘இலக்கங்கள் பொருந்தும்’. வஞ்சனை பெரும்பாலும் குடியிருக்கும் இடம் இச்சொற்றொடர். பிறந்த நாளில் இருந்த எஞ்சினே இன்றும் இருக்கிறது என்று வாங்குபவன் பொருள் கொள்கிறான். 1968 ஆம் ஆண்டு வகை முதல் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் வண்டியின் அடையாள எண்ணின் ஒரு பகுதியை எஞ்சினிலும் பொறித்தனர். அங்கே பொருத்தம் பார்ப்பது எளிது. 1966 ஆம் ஆண்டுப் பொன்டியாக் எஞ்சினில் அவ்வெண் இல்லை. தனி வரிசை எண்ணும், எவ்வகை எஞ்சின் என்று காட்டும் ஈரெழுத்துக் குறியும், வார்த்த நாளைக் காட்டும் குறியுமே உண்டு. குறி சரியா, வார்த்த நாள் வண்டி பிறந்த நாளுக்குச் சிறிது முந்தியதா என்று பார்க்கலாம். எஞ்சின் வார்த்த நாள் வண்டிக்குப் பிந்தியதாயின், உரையாசிரியனுக்குப் பின் பிறந்தவன் நூலாசிரியன் என்பது போலாகிவிடும். காலம் ஒத்து வகையும் ஒத்தாலும், அவ்வண்டிக்கே உரிய எஞ்சின் என்று இக்குறிகள் மட்டும் நிறுவா. ‘முரணில்லை’ என்பது வேறு, ‘அதுவேதான்’ என்பது வேறு. விளம்பர வரி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இலக்கத்தைத் தேய்த்து அழித்து வேறு பொறிப்பாரும் உளர். செவர்லே எஞ்சின்களில் இலக்கம் பொறிக்கும் மேடை, தொழிற்சாலையில் ஒரு வெட்டுக்கருவியால் இழைக்கப்பட்டது. அவ்விழைப்பின் மெல்லிய கோடுகள் ஒரே நெடுக்கில் ஓடும். தேய்த்தவன் அக்கோடுகளையும் அழித்துவிடுகிறான். எழுத்தின் வடிவை விட எழுத்து நிற்கும் தரையே அங்கு சாட்சி. வண்டியின் அடையாள எண் தகட்டையே பெயர்த்து மற்றொரு வண்டியில் அறைவது இன்னும் பெரிய துணிச்சல். 1984 முதல் அது கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

இதில் அழிவது வாங்குபவன் பணம் மட்டுமன்று. ஒரு பொய் ஜீ.ரீ.ஓ. செய்வதற்கு ஒரு மெய்யான லெமான்ஸ் பலியாக வேண்டும். ஏதோ ஒரு குடும்பம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் ஏற்றிச் சென்ற அமைதியான கார் அது. பொனற்றை மாற்றி, முன்கிராதியை மாற்றி, இலச்சினை குத்தி, எஞ்சினைத் தூக்கியெறிந்து அதனை வேறொன்றாக்குகின்றனர். ஜீ.ரீ.ஓ. பல ஆயிரம் எஞ்சியுள்ளன. ஒருவரும் பேணாத சாதாரண லெமான்ஸ்கள் ஆண்டுதோறும் அருகுகின்றன. செவர்லே ‘செவெல்’ வகைக்கும் இதே கதி. 1969 முதல் அதன் மல்லன் வடிவம் தனி வகையாக இல்லாது உபகரணத் தொகுதியாக மாற்றப்பட்டமையால் அடையாள எண்ணில் அது தெரிவதில்லை. வாய்ப்பைக் கண்டோர் விட்டுவைப்பரா?

கிறைஸ்லர் நிறுவனத்தார் இவ்விடயத்தில் முன்யோசனையுள்ளோர் என்று தோன்றுகிறது. அவர்கள் அடையாள எண்ணிலேயே எஞ்சினுக்கும் ஓர் எழுத்து ஒதுக்கினர். 1971 ஆம் ஆண்டுப் பிளிமத் ‘குடா’ காரின் எண்ணில் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்னும் எழுத்து நின்றால், அஃது 426 கன அங்குல ‘ஹெமி’ எஞ்சினோடு பிறந்தது என்று பொருள். அவ்வாண்டில் அந்த எஞ்சினோடு கூரை மடங்கும் குடாக்கள் செய்யப்பட்டவை 11 என்பர். அவற்றுள் ஒன்று 2014 ஜூன் மாதம் சியாற்றில் நகரில் மீக்கம் நிறுவனத்தார் நடத்திய ஏலத்தில் 35 இலட்சம் டொலருக்குப் போயிற்று. ஓர் எழுத்தின் விலை அது. ஓரெழுத்தொருமொழிகளுக்குப் பொருள் கற்பிக்கும்போது இவ்வுதாரணத்தை மாணவர்க்குச் சொன்னால் அவர்கள் உறங்கமாட்டார்கள்.

எஞ்சியது ‘பத்திரங்கள் உண்டு’ என்பது. உடலும் எஞ்சினும் பொய் சொல்லலாம் என்றான பின் தாளே கதி. பொன்டியாக் வாங்குவோர்க்கு இதில் ஒரு பேறு உண்டு. 1960களின் தொடக்கம் முதலான தொழிற்சாலை விற்பனைச் சீட்டுக்களின் நுண்படலங்களை மிச்சிகனிலுள்ள ‘பொன்டியாக் ஹிஸ்ரொறிக் சேவிசஸ்’ என்னும் நிறுவனம் பேணி வைத்திருக்கிறது. அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அவ்வண்டி என்ன வர்ணம், என்ன எஞ்சின், எவ்வகைக் கியர், எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றைக் காட்டும் பிரதி கிடைக்கும். 1964, 1965 வண்டிகள் ஜீ.ரீ.ஓ. தாமா என்பதை நிறுவுவதற்கு இதனினும் நல்ல சான்றில்லை. ஏனைய கார்களுக்குத் தொழிற்சாலைக் கட்டளைத் தாள் அகப்பட்டாற்றான் உண்டு. வண்டி செய்யும்போது வேலையாளர் பார்த்துக்கொள்வதற்காக ஒட்டிய தாள் அது. வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிடுவர். செவெல் கார்களிற் பெற்றோல் தாங்கியின் மேலும், கிறைஸ்லர் கார்களில் ஆசனத்துச் சுருள்வில்லின் இடையிலும் அது அகப்படுவதுண்டு. எலி தின்னாமலும் எண்ணெய் ஊறாமலும் அரை நூற்றாண்டு கடந்த அத்தாளுக்குச் சில வேளை எஞ்சினிலும் மதிப்பதிகம்.

இவ்வளவு உரையும் கேட்டபின், நேர்மையான போலி என ஒன்றுண்டா என்று நேயர் வினவலாம். உண்டு. ‘இது லெமான்ஸ், ஜீ.ரீ.ஓ. போலச் செய்தேன்’ என்று எழுதி, அதற்கேற்ற விலை கேட்பவன் ஒரு குற்றமும் செய்தவனல்லன். டெற்றோயிற் நகரின் வூட்வேட் நெடுந்தெருவில் 1960களில் இளைஞர்கள் இக்கார்களிற் போட்டியிட்டு ஓடினர். 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் அங்கே பழைய கார்களின் உலா நடக்கிறது. கூரையை மடக்கிப் போட்டுக்கொண்டு அவ்வுலாவிற் செல்ல ஆசைப்படும் ஓய்வூதியக்காரன் ஒருவன் இத்தகைய வண்டியை வாங்கினால் அறிவாளி என்றே சொல்வேன். பத்திரமுள்ள வண்டியை வாங்கியவன் மழை வருமோ, கல் தெறிக்குமோ, மைல் கூடுமோ என்று அஞ்சி அதனைப் போர்வைக்குள் வைத்துவிட்டு வேறு காரில் உலா பார்க்க வருவான்.

ஆயினும் மெய்யான வண்டியையே வாங்குவேன் என்பவன், வர்ணத்தைப் பார்த்து மயங்குமுன் சில செய்தல் வேண்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பின்பக்கத் தகட்டின் கீழ்விளிம்பு நெடுகப் பிடித்துப் பார்க்க. பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது வழுக்கும். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்க. கூரையை மடக்கியும் விரித்தும், கதவின் மேலிடைவெளி மாறுகிறதா என்று நோக்குக. மாறினாற் சட்டகமோ தரையோ தளர்ந்திருக்கிறது. அடியிற் படுத்துப் பீலியா பெட்டியா என்று காண்க. நுண்படலப் பிரதியை விற்பவன் காட்டியது போதாது; எண்ணைத் தானே எழுதிக்கொண்டுபோய்த் தன் பெயரில் வேறொரு பிரதி பெறுக.

பிறகு விற்பவனிடம் படங்கள் கேட்க. முடிந்த வண்டியின் படங்களை அவன் கேளாமலே தருவான். வேண்டியவை வர்ணம் நீக்கிய அன்று எடுத்தவை: எந்தத் தகடு அறுக்கப்பட்டது, எது ஒட்டப்பட்டது, எந்த ஓட்டை எவ்வளவு அகலம் என்று தெரியும் படங்கள். முறையாக வேலை செய்தவர் நூற்றுக்கணக்கில் அவற்றை எடுத்து வைத்திருப்பர். சிலர் அறுத்த பழைய துண்டுகளையும் பெட்டியிலிட்டு வண்டியோடு கொடுப்பர். அத்தகைய பெட்டி ஒன்று அகப்பட்டால் விலையில் அதிகம் பேரம் பேசலாகாது. படம் ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகவே இருந்தது என்பானாயின், முற்பணம் கொடுக்கும் பேச்சை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது நன்று.